கைதட்டக் கூடாத இடத்தில்

அச்சங்குளத்தில் காலையில் வேன் வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். தெருமுனையில் திரும்பும்போதே பாட்டு கேட்கும். பெரும்பாலும் இளையராஜா பாட்டுதான். டிரைவரிடம் ஒரு பென்டிரைவ் இருந்தது. அதில் எத்தனை பாட்டு இருந்ததோ தெரியாது, ஆனால் எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வரும் என்பது வேனில் ஏறும் அத்தனை பெண்களுக்கும் மனப்பாடம்!

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகும்போது வருகிற ஊர் அது. பெயரில்தான் குளம். சுற்றிலும் கரிசல் காடு, காட்டுக்கு நடுவே தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் கோழிப்பண்ணையோ என்று நினைப்பார்கள். பயராபீஸ்! அதாவது பட்டாசு ஆலை. ஒரு அறையில் வெடித்தால் பக்கத்து அறைக்குப் பரவக் கூடாது என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. செல்போன் கூடாது. செருப்பு கூடாது. ரேடியோவும் கூடாது. இதெல்லாம் எல்லா இடத்திலும் ஒழுங்காக நடந்தால் விபத்தே நடக்காதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

ஆகவே, அந்தப் பெண்களுக்குப் பாட்டு என்பது வேனில் போகும் அரை மணி நேரமும், திரும்பும் அரை மணி நேரமும்தான். நடுவில் நாள் முழுக்க வாய்க்குள் முணுமுணுப்பதோடு சரி.

அந்த வேனில் இருபது வருடமாகப் போய்வந்த ஒரு அம்மாவின் பையனைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவனை "அவன்" என்றே வைத்துக்கொள்வோம். பெயர் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அவனுக்கு வெட்கம் அதிகம்.

அவன் இளையராஜாவைத் தேடிப் போய்க் கேட்டவன் இல்லை. தண்ணீர் குடிப்பது போலத்தான். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது அவன் அம்மாவே பிறக்கவில்லை. தாத்தா காலத்தில் ஊரில் இரண்டு வழியாகப் பாட்டு வந்திருக்கிறது. ஒன்று, கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கட்டுகிற ரேடியோ செட். இன்னொன்று இலங்கை வானொலி. தென்மாவட்டங்களில் அந்த நாளில் சென்னை நிலையத்தைவிட இலங்கை நிலையம் தெளிவாகக் கேட்கும் என்று எல்லா ஊர்ப் பெரியவர்களும் சொல்வார்கள். தீப்பெட்டிக் கட்டைக்கு லேபிள் ஒட்டும் வேலையை வீட்டுத் திண்ணையில் வைத்துச் செய்த காலம் அது. கை லேபிளில், காது ரேடியோவில். அவன் அம்மா வளர்ந்தது அப்படி.

பிறகு கேசட், பிறகு சிடி, பிறகு பென்டிரைவ். பாட்டு மாறவில்லை, டப்பாதான் மாறியது.

2021 பிப்ரவரி 12. வெள்ளிக்கிழமை. கொரோனா சமயம் என்பதால் அவன் வீட்டிலிருந்தே படித்துக்கொண்டிருந்தான். மதியம் அச்சங்குளத்தில் இருந்த ஓர் ஆலையில் வெடித்தது. ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். செய்தித்தாள்களில் எல்லோரும் படித்திருப்பீர்கள். இரண்டு நாள் பேசினோம், பிறகு மறந்தோம்.

அந்த வட்டாரத்துக் காதுகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாம்பிள் வெடித்துப் பார்க்கும் சத்தம் தினமும் கேட்கும், அதற்கு யாரும் தலையைத் திருப்ப மாட்டார்கள். ஆனால் வேறு மாதிரிச் சத்தம் வந்தால் உடனே தெரிந்துவிடும். எல்லோரும் வாசலுக்கு வருவார்கள். வந்து நின்று... ஒன்றும் பேச மாட்டார்கள். எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பார்கள். அந்தச் சில விநாடிகள் ஊரே அமைதியாக இருக்கும். கோழிகூடக் கத்தாது என்று சொன்னால் மிகைப்படுத்துவதாக நினைப்பீர்கள்.

அவன் அம்மா வேலை பார்த்தது வேறு ஆலையில். ஆனால் அதை அவன் எப்படி உறுதி செய்துகொள்வான்? அவள் போன் வீட்டு அலமாரியில் இருந்தது. (போன் கூடாது என்பது விதி, அவள் விதியை மீறாதவள்.) புகை வந்த திசையும் அவள் போகும் திசையும் ஏறக்குறைய ஒன்று. ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு நடுவே, அவள் நடந்து வீடு வந்து சேரும்வரை அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். வந்தவள் முதலில் கேட்டது, "ஏய்யா, சாப்டியா?"

பிறகு வேலைக்குப் போகத்தானே வேண்டும்? போனார்கள். வேனும் வந்தது. பாட்டு மட்டும் இல்லை. டிரைவர் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. வேன் வருவது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் காதுக்குத் தெரிந்தது. எத்தனை நாள் அப்படி என்று அவன் எண்ணவில்லை. ஒருநாள் காலை மறுபடி தெருமுனையில் பாட்டு கேட்டது. வேனில் ஒரு அக்கா, "அண்ணே, இப்படிச் சும்மா போனா நெஞ்சு அடைக்கிது, எதையாவது போடுங்க" என்று சொன்னாளாம்.

அவன் 2024 செப்டம்பரில் லண்டன் போனான். முதுகலைப் படிப்பு, வங்கிக் கடன், ஈஸ்ட் ஹாமில் ஒரு அறையில் மூன்று பேர். ("அங்கயும் ரூமுக்கு இத்தனை பேருன்னு கணக்கா?" என்று அம்மா சிரித்தாள்.) படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஒரு கடையில் சரக்கு அடுக்கும் வேலை, மணிக்கு 11.44 பவுண்டு. அந்த வருடத்துக் குறைந்தபட்சக் கூலி அதுதான்.

அவன் பக்கத்து ஊர்களுக்கு வெளியே போய்ப் படிப்பதொன்றும் புதிதில்லை. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த வறண்ட பூமியில் ஒரு தொழில் அப்படித்தான் முளைத்தது. அந்தக் கதையை அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்வார்கள்.

2025 தொடக்கத்தில், மார்ச் 8ஆம் தேதி லண்டனில் இளையராஜாவின் முதல் சிம்பொனி 'வேலியன்ட்' அரங்கேறப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. ராயல் பில்ஹார்மோனிக் கலைஞர்கள் வாசிக்கப் போகிறார்கள். முப்பத்தைந்து நாட்களில் எழுதி முடித்ததாக ராஜாவே சொல்லியிருந்தார். ராஜாவுக்கு அப்போது வயது 81.

டிக்கெட் விலையைப் பார்த்ததும் அவன் மூடிவிட்டான். அந்தப் பணத்துக்கு ஊரில் ஒரு மாத மளிகை. அதோடு அன்றைக்குச் சனிக்கிழமை, கடையில் ஷிப்டையும் விட வேண்டும். அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னான், போகப் போவதில்லை என்று. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "நம்ம ஊர்ல வந்து பாடுனா நம்மளால போக முடியுமா? அம்புட்டுத் தூரம் போய் உக்காந்திருக்க, அவரும் அம்புட்டுத் தூரம் வாராரு. போய்க் கேட்டுட்டு வா. என்னென்ன பாட்டுன்னு எனக்குச் சொல்லணும்" என்றாள்.

அம்மா சொன்னதில் கடைசி வரிதான் சிக்கல். சிம்பொனியில் பாட்டு எங்கே இருக்கும்?

ஹாமர்ஸ்மித் ரயில் நிலையத்தில் இறங்கினால் அரங்கம் நடக்கிற தூரம்தான். ஈவென்டிம் அப்போலோ. 1932இல் அது திறக்கப்பட்டபோது 'கோமாண்ட் பேலஸ்' என்ற சினிமா தியேட்டர்! பிறகு 'ஹாமர்ஸ்மித் ஓடியன்' ஆகி பீட்டில்ஸ் முதல் டேவிட் போவி வரை பலர் அங்கே பாடியிருக்கிறார்கள். ஆயிரம் படங்களுக்கு மேல் இசையமைத்தவர் சிம்பொனி அரங்கேற்ற வந்த இடம் ஒரு பழைய சினிமா கொட்டகை என்பது அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வாசலில் பட்டுப் புடவைகள், வேட்டிகள், குளிருக்கு மேலே போட்ட பெரிய கோட்டுகள். மல்லிகைப்பூ வாசம் வேறு. மார்ச் மாதக் குளிரில் மல்லிகை எங்கே கிடைத்ததோ! பாதிப் பேர் பேசியது அவன் ஊர்த் தமிழ் இல்லை, யாழ்ப்பாணத்துத் தமிழ்.

அவனுக்குக் கிடைத்தது மாடியில், ஏறக்குறைய கடைசி வரிசை. பக்கத்தில் ஒரு பெரியவர், அறுபதுக்கு மேல் இருக்கும், தனியாக வந்திருந்தார்.

"தம்பி இந்தியாவோ?"

"ஆமாங்க ஐயா. சிவகாசிப் பக்கம்." (அச்சங்குளம் என்றால் யாருக்குத் தெரியும்? வெளியே போனால் எல்லோரும் சிவகாசிப் பக்கம்தான்.)

"ஓ... சீனவெடி செய்யிற இடம். நாங்கள் சீனவெடி எண்டுதான் சொல்லுறது."

பேச்சு வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் 1990களில் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாத காலம். பேட்டரியும் கிடைக்காது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைக் கொழுவிப் பாட்டுக் கேட்டதை அவர் சொன்னார். "சுத்துறவன் களைச்சால் பாட்டும் களைக்கும், தம்பி. சரணத்தில ராஜாவின்ர குரல் இழுபட்டுப் போகும். உடனே அடுத்தவன் வந்து பிடிப்பான்."

அவன் தன் பங்குக்கு வேனைப் பற்றிச் சொன்னான். மற்றதைச் சொல்லவில்லை.

விளக்குகள் மங்கின. வயலின்காரர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மைக் முன்னால் பாடகர் யாரும் இல்லை. ராஜாவின் கையில் ஹார்மோனியம் இல்லை. வாசிப்பவர்களை நடத்துவதும் வேறொருவர். இத்தனை நாள் பாட்டுக்குப் பின்னால் இருந்த மனிதர், அன்றைக்குத் தாளில் இருந்த எழுத்துக்குப் பின்னால் போய்விட்டார்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சிம்பொனி என்பது பெரும்பாலும் நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றும் ஒரு வேகம், ஒரு மனநிலை. நான்கும் சேர்ந்ததுதான் ஒரு படைப்பு என்பதால், நடுவில் கைதட்டக் கூடாது என்பது இன்றைய மேற்கத்திய அரங்க மரியாதை. ஒரு பகுதி முடிந்ததும் சில விநாடி மௌனம், ஒன்றிரண்டு இருமல், பிறகு அடுத்த பகுதி. அவன் இதையெல்லாம் முந்தின நாளே தேடிப் படித்துவிட்டுத்தான் போயிருந்தான். பரீட்சைக்குப் போகிற மாதிரி!

முதல் பகுதி தொடங்கியது. ஐந்து நிமிடம் வரை அவன் தேடிக்கொண்டே இருந்தான். எந்தப் பாட்டு மாதிரி இருக்கிறது? எந்தப் படம்? சில இடங்களில் பிடிபடுகிற மாதிரி வந்து நழுவிப் போனது. அப்புறம் தேடுவதை விட்டுவிட்டான். விட்ட பிறகுதான் கேட்கவே ஆரம்பித்தான். இசை ஏறிக்கொண்டே போய், எல்லா வாத்தியங்களும் சேர்ந்து ஒலித்து, சட்டென்று நின்றது.

அமைதி.

அந்த அமைதி அவனுக்குத் தெரியும். பெரிய சத்தம், உடனே மூவாயிரம் பேர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு கணம். அவன் உடம்பு அவனைக் கேட்காமலே நாற்காலியை விட்டு எழப் பார்த்தது. எந்தப் பக்கம் புகை?

அப்போதுதான் கைதட்டல் கேட்டது. முதலில் எங்கோ கீழே, பிறகு மாடி முழுக்க. பக்கத்துப் பெரியவர் ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் ஒரு பெண் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, "ஷ்ஷ்..." என்றாள். தப்பில்லை, அவளும் படித்துவிட்டு வந்திருப்பாள்.

பெரியவர் அவன் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "தட்டக் கூடாதெண்டு தெரியும் தம்பி. எனக்குச் சத்தம் நிண்ட உடன வாற அமைதி சரிவராது."

அவன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவனும் தட்டினான். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினான்.

இரண்டு நாள் கழித்து, மார்ச் 10ஆம் தேதி, ராஜா சென்னை திரும்பியபோது விமான நிலையத்தில் இதைப் பற்றியே பேசினார். நான்கு பகுதிகளும் முடியும்வரை கைதட்டக் கூடாது என்பது விதி, ஆனால் நம் ஜனங்கள் முதல் பகுதி முடிந்ததுமே தட்டிவிட்டார்கள், வாசித்தவர்களுக்கும் நடத்தியவருக்கும் ஆச்சரியம் என்று சொன்னார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார். வீடியோவைப் பார்த்தபோது அவனுக்குத் தன்னைப் பற்றிப் பேசுவது போலவே இருந்தது.

உண்மையில் அந்த விதியே அவ்வளவு பழையதில்லை. 1778இல் பாரிஸில் மொசார்ட்டின் சிம்பொனி அரங்கேறியபோது, இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்கள் கைதட்டியிருக்கிறார்கள். மொசார்ட் கோபித்துக்கொள்ளவில்லை, எந்த இடத்தில் தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தே எழுதியதாக அப்பாவுக்குக் கடிதம் போட்டார்! 1813இல் பீத்தோவனின் ஏழாவது சிம்பொனி முதன்முதலாக வாசிக்கப்பட்டபோது இரண்டாம் பகுதியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கச்சேரியில் "ஒன்ஸ்மோர்" கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அடக்கமாக உட்காரும் வழக்கமெல்லாம் பின்னால் வந்தது.

தெரியாமல் தட்டுவதும் உண்டு. 1971இல் நியூயார்க்கில் வங்கதேசத்துக்காக நடந்த நிகழ்ச்சியில், ரவிசங்கர் குழு சுருதி சேர்த்து முடித்ததும் கூட்டம் கைதட்டியது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால் வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். தெரியாமல் தட்டியதும், தெரிந்தும் தாங்க முடியாமல் தட்டியதும் வெளியே கேட்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

சிம்பொனி முடிந்தது. இடைவேளை. காபி வரிசையில் அவனுக்குப் பின்னால் ஒரு குரல்: "நல்லாத்தான் இருக்கு... பாட்டு எப்போ போடுவாங்க?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்தால், அந்த மனிதரைக் கிண்டல் செய்ய அவனுக்கு என்ன உரிமை? அவனே முதல் ஐந்து நிமிடம் அதைத்தானே தேடினான்!

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். ஊரை விட்டு வந்தாயிற்று. ஊரும் அங்கே மாறிக்கொண்டிருக்கிறது. மாறாமல் இருப்பது பாட்டு ஒன்றுதான். அதைக் கொண்டுவரும் கலைஞர், நாம் விமானம் ஏறிய அன்றைக்கு எப்படி இருந்தாரோ அப்படியே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். 2017 ஜூலை 8 அன்று இதே லண்டனில், வெம்ப்ளியில், ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி நடந்தது. நிகழ்ச்சியின் பெயரே 'நேற்று இன்று நாளை'. தமிழ்ப் பாட்டு அதிகம் என்று இந்தி ரசிகர்கள் சிலர் பாதியில் எழுந்து போய், பணத்தைத் திருப்பிக் கொடு என்று ட்விட்டரில் சண்டை போட்டார்கள். அன்றைக்கு நாமெல்லாம் அவர்களைத் திட்டினோம். கலைஞன் எந்த மொழியில் பாட வேண்டும் என்று சொல்ல நீ யார் என்று கேட்டோம். சரி, ராஜா எதை வாசிக்க வேண்டும் என்று சொல்ல நாம் யார்?

பண்ணைப்புரத்திலிருந்து கிளம்பி, அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகச் சுற்றி, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, 1986இல் 'ஹவ் டு நேம் இட்' என்று ஒரு தொகுப்பு போட்டு, 1993இல் லண்டனிலேயே ஒரு சிம்பொனி எழுதி, அது வெளிவராமலே போய், 2005இல் திருவாசகத்தை புடாபெஸ்ட் இசைக்குழுவோடு பதிவு செய்து... இத்தனைக்கும் பிறகு 81 வயதில் அந்த மேடைக்கு வருகிறார். அவரைப் பார்த்து "அந்தப் பழைய பாட்டைப் போடுங்க" என்று கேட்பது, கல்கத்தா போய்க் கற்றுக்கொண்டு வந்தவர்களிடம் "மறுபடி சோளம் விதைக்கப் போங்க" என்று சொல்வது போலத்தான்.

படிக்க ஊரை விட்டு வந்தவனுக்கு, ஊர்க்காரர்கள் தன்னைப் பழைய பையனாகவே பார்த்தால் கோபம் வரும். "நீ மாறிட்டியே" என்றால் வலிக்கும். அந்த உரிமை தனக்கு வேண்டும் என்று நினைப்பவன், ராஜாவுக்கும் அதைக் கொடுக்க வேண்டாமா? காபி ஆறும்வரை அவன் அதையே நினைத்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் பாதியில் பாட்டுகள் வந்தன. அதே இசைக்குழு, சினிமாப் பாட்டுகள். அரங்கமே வேறு இடமாகிவிட்டது! செல்போன் வெளிச்சம், விசில், கூடப் பாடுவது. "ஷ்ஷ்" சொன்ன பெண்ணும் பாடினாள். பெரியவர் பாடவில்லை. வலது கையை மடியில் வைத்து மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார். தாளம் போடுகிறாரோ என்று அவன் முதலில் நினைத்தான். அது தாளம் இல்லை. பெடல்.

அறைக்கு வந்து சேரும்போது லண்டனில் நடு இரவு தாண்டிவிட்டது. அச்சங்குளத்தில் ஞாயிறு காலை ஆறு மணி. வேன் வராத நாள். அம்மா துவைக்க ஊறவைத்துக்கொண்டிருந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத் திண்ணையில் வைத்திருந்தாள் போல, வாளிச் சத்தம் கேட்டது.

"சொல்லு. என்ன பாட்டு மொதல்ல?"

"மொதல்ல பாட்டு இல்லம்மா."

"பின்னே?"

அவன் விளக்க ஆரம்பித்தான். நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம், வார்த்தை கிடையாது, வாத்தியம் மட்டும், முக்கால் மணி நேரம்... சொல்லச் சொல்ல அவனுக்கே அது பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை என்று நினைத்தான். இவ்வளவு செலவு செய்து போய்ப் பாட்டே இல்லையா என்று கேட்கப் போகிறாள் என்று பயந்தான்.

வாளிச் சத்தம் நின்றது.

"நம்ம வேன்ல, ஒரு சரணம் முடிஞ்சு அடுத்த சரணம் வாரதுக்கு முன்னாடி வயலினா வருமே. அப்ப யாரும் பாட மாட்டோம், சும்மா கேட்டுக்கிட்டு வருவோம். அதுவா?"

"அதேதாம்மா."

"அது மட்டுமே முக்கா மணி நேரமா!"

"ஆமா."

"அந்த நேரத்துலதான் கம்பெனி கேட்டு வந்துரும். எறங்கச் சொல்லிருவாக. முழுசாக் கேட்டதே இல்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ முழுசாக் கேட்டியா?" என்றாள்.

"முழுசாக் கேட்டேன்மா."

"அது போதும். சாப்டியா?"